பகலில் ஒரு பயணம்



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழ்கின்ற எமது பெண்களுக்கு வடக்குக்குப் போகும் பாதை நன்றாகத் தெரியும் என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சற்று யோசித்துப் பாருங்கள். இரவு காலி வீதியில் பஸ் ஏறுகிறோம். யன்னல் திரையை இழுத்து மூடுகிறோம். ஒரு தடவை தேநீருக்கு நிறுத்துவார்கள். கண்விழிக்கும்போது கொடிகாமமோ சாவகச்சேரியோ வந்துவிடும். கலியாண வீடு, செத்தவீடு, கோயில் திருவிழா, காணி உறுதி, வழக்கு என்று போன காரியம் முடிந்ததும் அடுத்த இரவே திரும்பிவிடுகிறோம். இரண்டு நுனியும் எமக்குத் தெரியும். இடையில் கிடக்கின்ற ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் நாடு எமக்கு இருட்டு.

அந்த இடைப்பட்ட நாட்டை ஒருமுறையாவது பகல் வெளிச்சத்தில், தனியாக, ஆறுதலாகப் பார்த்துக்கொண்டு போகவேண்டும் என்பதே இம்மாதம் உங்களுடன் பேச விரும்பும் விடயம். வேறு அலுவல் எதுவும் வேண்டாம். வயல்களையும் குளங்களையும் பார்ப்பதே அலுவல்.

நாம் போன பயணங்கள்

"பட்ட அலைச்சல் போதாதா? இனிச் சும்மாவும் அலைய வேணுமா?" என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. எமது தலைமுறைப் பெண்களுக்குப் பயணம் என்றாலே இடப்பெயர்வு என்று பொருளாகிவிட்டது.

1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் தொடங்கியபின் ஏ-9 வீதி மூடப்பட்டது. குடாநாட்டை விட்டு வெளியே வருவதற்குக் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தோம். அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். சரியாக ஐந்து வருடங்களின் பின், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி, வலிகாமத்து மக்கள் கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தனர். 2002 ஏப்ரலில் பாதை திறந்தது. 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது. அதன்பின் கப்பலுக்கும் விமானத்துக்கும் அனுமதிப் பத்திரம் எடுக்க வரிசையில் நின்றோம். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு, பெரும்பாலானோர் வவுனியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் 85 பேர் பெண்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தைத் தடுத்து உத்தரவிட்டது. 2008, 2009இல் வன்னியில் நடந்ததை இங்கே எழுதத் தேவையில்லை. அந்தப் பாதையால் நடந்தவர்களே இதை வாசிக்கிறீர்கள்.

இந்தப் பயணங்கள் எல்லாவற்றிலும் எப்போது புறப்படுவது, எந்தப் பாதையால் போவது, எங்கே இறங்குவது என்பதை வேறு யாரோ தீர்மானித்தார்கள். நாம் பார்த்துக்கொண்டு வந்தது தலையில் இருந்த மூட்டையையும் கையில் பிடித்த பிள்ளையையும்தான். பக்கத்தில் வயல் இருந்திருக்கும். பார்க்க மனமும் நேரமும் இருக்கவில்லை.

போர் 2009இல் முடிந்தது. ஏ-9 வீதி படிப்படியாகத் திறக்கப்பட்டது. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மறுபடியும் யாழ்ப்பாணம் வரை ஓடியது. இன்று வடக்குக்குப் போக எந்த அனுமதிப் பத்திரமும் தேவையில்லை. ஆனால் எமது வீட்டு வாசலில் ஒரு சோதனைச்சாவடி இன்னும் இருக்கிறது. "எங்கை போறாய்? ஆரோடை போறாய்? என்ன அலுவல்?" இந்த மூன்று கேள்விகளுக்கும் "சும்மா, தனியத்தான், பார்க்க" என்று பதில் சொல்ல எங்களில் எத்தனை பேருக்குத் துணிவு உண்டு?

எமது மரபிலும் தனியாக ஊர் ஊராக நடந்த ஒரு பெண் இருக்கிறார். அவர் ஔவையார். கலியாணம் பேசி வந்தபோது பிள்ளையாரை வேண்டி இளமையிலேயே கிழவியானார் என்பது கதை. ஒரு பெண் தன் விருப்பப்படி நடப்பதற்கு முதலில் கிழவியாக வேண்டியிருந்தது என்றுதான் அந்தக் கதையை நான் விளங்கிக்கொள்கிறேன். எமது பெண்கள் பெருந்தொகையாக வீட்டு வேலைக்குப் போன சவூதி அரேபியாவிலேயே 2018இல் பெண்கள் வாகனம் ஓட்ட அனுமதி கிடைத்தது. 21 வயதான பெண் ஆண் பாதுகாவலரின் சம்மதமின்றிக் கடவுச்சீட்டு எடுத்துப் பயணம் செய்யலாம் என்று 2019இல் அங்கே விதி மாறியது. இங்கே நாட்டுக்குள் நாம் தனியே போவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் கிடையாது. தடுப்பவை பழக்கமும் பயமும்தான்.

தென்னையும் உப்பும்

2023ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த கையோடு நான் இந்தப் பயணத்தைச் செய்தேன். தை மாதத்தைத் தெரிவுசெய்ததற்குக் காரணம் உண்டு. புரட்டாதி, ஐப்பசி மழையோடு விதைக்கும் காலபோக நெல் தையில் பசுமையாகவோ கதிர் தள்ளியோ நிற்கும். மாசி, பங்குனியில் அறுவடை. மாரி மழையில் குளங்களும் நிரம்பியிருக்கும். வைகாசிக்குப் பிறகு போனால் வெயிலும் புழுதியும்தான்.

கொட்டாஞ்சேனையிலிருந்து காலை ஆறு மணிக்குப் புறக்கோட்டைக்குப் போய், புத்தளம் போகும் சாதாரண பஸ்ஸில் யன்னல் ஓரமாக இருந்தேன். குளிரூட்டிய பஸ்ஸை வேண்டுமென்றே தவிர்த்தேன். அதில் யன்னல் திறக்க முடியாது. இடையில் இறங்கவும் வசதியில்லை.

நீர்கொழும்பு கழிந்ததும் தென்னந்தோட்டங்கள் தொடங்கும். கம்பஹா, குருணாகல், புத்தளம் ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்தப் பிரதேசத்தைத் தென்னை முக்கோணம் என்பார்கள். தென்னைகளுக்குக் கீழே நிலம் சும்மா கிடப்பதில்லை. ஓரிடத்தில் மாடு மேயும், இன்னோரிடத்தில் அன்னாசி நட்டிருப்பார்கள். சிலாபத்தில் இறங்கி முன்னேஸ்வரம் கோயிலைக் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸை எடுத்தேன். இறங்குவதும் ஏறுவதும்தான் இந்தப் பயணத்தின் முறை. பெரிய வீதியில் அடுத்த பஸ் வர அதிக நேரம் ஆகாது.

புத்தளத்தில் தென்னை குறைந்து உப்பளங்கள் தெரியும். பஸ் நிலையத்துக்கு அருகே பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு முஸ்லிம் சகோதரி, "அக்கா தனியாவா வாறீங்க?" என்று கேட்டார். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்தவராம். 1990இல் அவருக்குப் பன்னிரண்டு வயது.

"உம்மாட கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கு. வந்த வழி ஒண்டும் ஞாபகமில்லை" என்றார்.

"தொண்ணூற்றைஞ்சில நான் நடந்த வழியும் எனக்கு ஞாபகமில்லை" என்றேன்.

இரண்டு பேரும் ஒரே திகதியில் அந்த மண்ணை விட்டுப் புறப்பட்டவர்கள் என்பதை அப்போதுதான் கணக்குப் பார்த்தோம். எனது தேநீருக்கும் அவரே காசு கொடுத்தார்.

குளத்து நாடு

புத்தளத்திலிருந்து அனுராதபுரம் போகும் வீதியில் காடும் சேனையும் குளமும் மாறி மாறி வரும். இங்கே ஒரு விடயத்தைக் கவனித்துப் பாருங்கள். இந்தக் குளங்கள் தனித்தனியானவை அல்ல. மேட்டிலுள்ள சிறு குளத்தின் நீர் அதன் கீழுள்ள வயலுக்குப் பாயும். வயலில் எஞ்சிய நீர் அடுத்த குளத்தில் சேரும். அங்கிருந்து அதன் வயலுக்குப் போகும். ஒரே மழைநீர் பல ஊர்களுக்கு நெல் விளைவிக்கும். ஆற்று நீர் ஆண்டு முழுவதும் ஓடாத வரண்ட வலயத்தில் முன்னோர் கண்ட வழி இது. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் இதை உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமையாக ஏற்றிருக்கிறது. வன்னியிலும் இப்படித்தான் குளத்தை அண்டியே ஊர்கள் உண்டாயின. கனகராயன்குளம், மாங்குளம், புளியங்குளம் என்று ஊர்ப் பெயர்களே அதற்குச் சாட்சி.

அனுராதபுரத்தில் இரவு தங்க வேண்டியிருந்தது. முதலில் போன விடுதியில் "மிஸ்டர் எங்கே?" என்று கேட்டார்கள். நான் மட்டும்தான் என்றதும், தனியாக வரும் பெண்களுக்கு அறை கொடுப்பதில்லை என்றார்கள். அறைகள் காலியாகத்தான் கிடந்தன. மாலை ஐந்து மணி. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கால்கள் நடுங்கியது உண்மை. சற்றுத் தூரத்தில் ஒரு குடும்பம் தங்கள் வீட்டிலேயே அறை வாடகைக்குக் கொடுத்தது. அந்த வீட்டு அம்மா எதுவும் கேட்காமல் சுடுதண்ணீரும் சாப்பாடும் தந்தார். தனியாகப் போகும் பெண்ணுக்கு வீதி பிரச்சினையில்லை. இரவில் கதவு திறக்கும் ஓரிடம்தான் பிரச்சினை. எனவே தங்குமிடத்தைப் புறப்படுமுன்னரே தொலைபேசியில் பேசி, "நான் தனியே வருகிறேன்" என்று சொல்லி உறுதிப்படுத்துவது நல்லது.

மறுநாள் மதவாச்சிப் பக்கமாகப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா, "தனியமத யன்னே?" என்று கேட்டார். தனியாகவா போகிறாய் என்பதுதான் அதன் பொருள். மூன்று சமூகத்தவரும் கேட்பது ஒரே கேள்வி. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பதில் சொன்னேன். அவருக்கு இரண்டு ஏக்கர் வயல். மகன் இராணுவத்தில் இருந்து 2008இல் இறந்துபோனவர். அந்த விடயத்தை ஒரு வசனத்தில் சொல்லிவிட்டு வெளியே பார்த்தார். நானும் வெளியே பார்த்தேன். பின்னர் வயலைப்பற்றிப் பேசினோம். 2021இல் இரசாயன உரத்தை அரசாங்கம் தடைசெய்ததும், அந்த ஆண்டு நவம்பரில் தடையை நீக்கியும் காலம் பிந்திவிட்டதும், அந்தப் போகத்தில் நெல் மஞ்சளாய் நின்றதும் அவர் சொன்ன கதை. இறங்கும்போது பையிலிருந்து இரண்டு தோடம்பழங்களை எடுத்து மடியில் வைத்துவிட்டுப் போனார்.

வன்னி வயல்

வவுனியா தாண்டினால் ஓமந்தை. 2002 முதல் 2006 வரை இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே இருந்த வாசல் அது. 2009இல் வன்னியிலிருந்து வந்தவர்களைப் பதிந்து பிரித்த இடமும் அதுவே. அந்தச் சோதனைச்சாவடி 2015இல் அகற்றப்பட்டது. பஸ் நிற்காமலே அந்த இடத்தைக் கடந்தது. எனது கை மட்டும் பழக்க தோஷத்தில் அடையாள அட்டையைத் தேடியது.

முறிகண்டியில் எல்லா வாகனங்களும் நிற்கும். சிறிய பிள்ளையார் கோயில். தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். கச்சான் வறுத்து விற்பவர்களில் பலர் பெண்கள். ஔவைக்கு முதுமை கொடுத்த பிள்ளையாரிடம், எங்கள் பெண் பிள்ளைகளுக்கு முதுமை வருமுன்பே வழியைத் திறந்துவிடு என்று வேண்டிக்கொண்டேன்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயில் வீதியோரமாகவே இருக்கிறது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய இடம் இது. இரவு பஸ்ஸில் போகும்போது நாம் நித்திரையில் கடந்து போகும் இடங்களில் இதுவும் ஒன்று.

ஒரு கன்னியர் மடத்து விருந்தினர் அறையில் தங்கி, காலையில் முச்சக்கர வண்டி பிடித்து இரணைமடுக் குளத்துக்குப் போனேன். கனகராயன் ஆற்றை மறித்து, கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய குளம். வட மாகாணத்தில் மிகப் பெரியது. கட்டில் ஏறி நின்றால் ஒரு பக்கம் கரை தெரியாத நீர், மறு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வயல். நீர் வாய்க்கால் வழியாக இறங்கி வயல்களுக்குள் பிரிவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் சும்மா இருந்தேன். ஒரு மணி நேரம் எதுவும் செய்யாமல் இருந்தது அதற்கு முன் எப்போது என்று எனக்கு நினைவில்லை.

வாய்க்கால் ஓரத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, "ஆரைத் தேடி வந்தனீர், பிள்ளை?" என்றார். ஒருவரையும் தேடி வரவில்லை, வயல் பார்க்க வந்தேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எங்கடை வயலைப் பார்க்கவும் கொழும்பிலையிருந்து ஆள் வருதோ!" என்று சொல்லி வரம்பில் அழைத்துப்போய்க் காட்டினார். கணவர் போரில் இறந்துவிட்டார். உழவு மட்டும் கூலிக்கு. விதைப்பும் உரமும் காவலும் அவரே. காணி யாருடைய பெயரில் என்று கேட்டேன். "அனுமதிப் பத்திரம் மாமாவின்ரை பேரிலை. பிறகு மச்சானுக்குப் போச்சு" என்றார்.

சகோதரிகளே, வயலைப் பார்க்கும்போது இந்தக் கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். இப்படிக் குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த காணிகளுக்கு 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பொருந்தும். பின்னுரித்தாளர் பெயர் குறிக்கப்படாவிட்டால் மகள்மாருக்கு முன் மகன்மாருக்கே உரிமை என்று அது வைத்திருந்தது. 2022இல்தான் இந்த ஆண், பெண் வேறுபாடு நீக்கப்பட்டது. உங்கள் பெற்றோரிடம் அத்தகைய காணி இருந்தால், யாருடைய பெயர் பதியப்பட்டிருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

செம்மண்

பரந்தன் கழிந்து ஆனையிறவில் மரங்கள் ஓய்ந்து கடலேரி விரியும். பகலில் அங்கே தெரிவது வானமும் உவர் வெளியும் நீர்ப்பறவைகளும். பிறகு பனை, பளையில் தென்னை, கொடிகாமம் சந்தை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கித் தங்குகிறது. அதைக் கிணற்றிலிருந்து இறைத்துத்தான் வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் விளைகின்றன. வெங்காயப் பாத்தி ஒவ்வொன்றும் தலைவாரிய மாதிரி நேராக இருக்கும். அதில் குந்தியிருந்து களை பிடுங்குபவர்கள் அநேகமாகப் பெண்கள்தான். வலிகாமம் வடக்கில் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட தோட்டக் காணிகள் போரின் பின் கட்டம் கட்டமாகத் திரும்பின. எல்லாம் இன்னும் திரும்பவில்லை.

புறப்படுமுன்

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் நடத்திய ஆய்வில், இலங்கையில் பஸ்ஸிலும் புகையிரதத்திலும் செல்லும் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஒருமுறையேனும் பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகத் தெரியவந்தது. ஆகவே பயப்பட ஒன்றுமில்லை என்று நான் சொல்லமாட்டேன். சாரதிக்குப் பின்னாலுள்ள முன் ஆசனங்களில், முடிந்தால் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் இருங்கள். தொந்தரவு வந்தால் உரத்த குரலில் நடத்துநரைக் கூப்பிடுங்கள். 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி அது தண்டனைக்குரிய குற்றம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. பொலிஸ் 119.

நாலு மணிக்கு முன் தங்குமிடத்துக்குப் போய்ச்சேருங்கள். போகும் பாதையை ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள். மலசலகூடத்துக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கவேண்டாம். பெரிய பஸ் நிலையங்களில் இறங்கிப் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் ஏறலாம். அடையாள அட்டை, மருந்து, ஒரு மாற்றுடுப்பு போதும். குறைந்த பாரம் என்றால் எங்கேயும் இறங்கலாம்.

மூன்று நாள் எடுக்க முடியாதவர்கள் பலர் இருக்கிறீர்கள். நாட்சம்பளம், சின்னப் பிள்ளைகள், படுக்கையில் முதியவர்கள். அவர்களுக்கு ஒரு யோசனை. அடுத்தமுறை ஊருக்கு எப்படியும் போகத்தானே வேண்டும். ஒரு வழிக்காவது இரவு பஸ்ஸை விட்டுப் பகல் பஸ்ஸில் அல்லது பகல் புகையிரதத்தில் யன்னல் பக்கம் இருந்து போங்கள். அதுவும் முடியாவிட்டால், காலையில் சிலாபம் வரை போய் மாலையில் திரும்புங்கள். மாதாந்தம் சீட்டுப் பிடிப்பவர்கள் ஒரு சிறு தொகையை இதற்கென்று ஒதுக்கலாம். கைக்குழந்தை உள்ளவருக்குப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். பிறகு அவருடைய முறை வரும்போது நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

எமது மகள்மாருக்கு நாம் சொல்லிக்கொடுத்த பாதைகள் எல்லாம் ஓடிப்போன பாதைகள். அவர்கள் கேட்கும்போது சொல்வதற்கு, நாமாக விரும்பிப் போன ஒரு பாதையும் எங்களிடம் இருக்கட்டும். எந்த ஊரில் இறங்கினீர்கள், என்ன விளைந்திருந்தது, யாருடன் பேசினீர்கள் என்று எமக்கு எழுதுங்கள். அடுத்த இதழ்களில் அவற்றைப் பகிர்ந்துகொள்வோம்.